ரெண்டு விமானங்கள், ஒரு ஸ்கேட்டிங் கிளப்

ஐடி-ல வேலை பாக்குறவங்களுக்கு 'பஸ் ஃபேக்டர்'னா என்னன்னு தெரிஞ்சிருக்கும். டீம்ல எத்தனை பேர் திடீர்னு இல்லாம போனா ப்ராஜெக்ட் நின்னுடும்? அந்த எண்ணிக்கைதான் பஸ் ஃபேக்டர். நாம இதை மீட்டிங்ல சிரிச்சுக்கிட்டே பேசுவோம். அமெரிக்காவுல ஒரு கிளப் இதை நிஜத்துலயே அனுபவிச்சிருக்கு. அதுவும் ரெண்டு தடவை.

'ஸ்கேட்டிங் கிளப் ஆஃப் பாஸ்டன்' 1912-ல தொடங்கினது. அங்க முக்கியமான ஆள் மேரிபெல் வின்சன். ஒன்பது தடவை அமெரிக்க சாம்பியன், 1932 ஒலிம்பிக்ஸ்ல வெண்கலம். அப்புறம் கோச் ஆனாங்க. சின்ன வயசுல போலியோ வந்து மீண்ட டென்லி ஆல்பிரைட் இவங்ககிட்ட கத்துக்கிட்டுதான் 1956-ல ஒலிம்பிக் தங்கம் ஜெயிச்சாங்க. பிற்பாடு அவங்க சர்ஜன் ஆனது தனிக்கதை.

1961 பிப்ரவரி 15. உலக சாம்பியன்ஷிப்புக்காக பிராக் நகருக்குக் கிளம்பின அமெரிக்க டீம் வந்த விமானம், பிரஸ்ஸல்ஸ் பக்கத்துல விழுந்து நொறுங்குச்சு. 18 ஸ்கேட்டர்களும் போயிட்டாங்க. கூட வந்த கோச்சுகள், நடுவர்கள், குடும்பத்தினர்னு இன்னும் 16 பேர். மேரிபெல்லும் அவங்க ரெண்டு பொண்ணுங்களும் அதுல இருந்தாங்க. சின்னவ லாரன்ஸுக்கு 16 வயசு. அந்த வருஷத்து அமெரிக்க சாம்பியன். அந்த வருஷம் உலகப் போட்டியையே ரத்து பண்ணிட்டாங்க.

அப்போ எல்லாம் முடிஞ்சுதா? இல்லை. மேரிபெல்கிட்ட படிச்ச ஃபிராங்க் கேரல்னு ஒரு பையன் இருந்தார். அவர் கோச் ஆனார். மிஷெல் க்வானுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2010-ல எவன் லைசாசெக் ஒலிம்பிக் தங்கம் ஜெயிச்சப்போ கோச் இவர்தான். மேரிபெல் இறந்து 49 வருஷம் கழிச்சு!

அப்புறம் 2025 ஜனவரி 29. விச்சிட்டா நகர்ல நடந்த பயிற்சி முகாம் முடிஞ்சு பலர் திரும்பின விமானம், வாஷிங்டன் பக்கத்துல ராணுவ ஹெலிகாப்டரோட மோதுச்சு. மொத்தம் 67 பேர் இறந்தாங்க. அதுல ஆறு பேர் இதே கிளப். ரெண்டு இளம் ஸ்கேட்டர்கள், அவங்க அம்மாக்கள், ரெண்டு கோச். அந்த கோச்சுகள் 1994-ல ஜோடிப் பிரிவு உலக சாம்பியன்களான எவ்ஜீனியா ஷிஷ்கோவா, வதிம் நௌமோவ் தம்பதி.

அவங்க பையன் மக்ஸிமும் ஸ்கேட்டர்தான். மார்ச் 2-ம் தேதி வாஷிங்டன்ல நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில அவர் ஐஸ்ல இறங்கி ஆடினார். அப்பா அம்மா பயிற்சி கொடுத்துட்டிருந்த குட்டிப் பசங்களுக்கு இப்போ அவரும் சொல்லிக்கொடுக்கிறார்.

ஒரு ஜம்ப்புல எந்த நொடி தோளைத் திருப்பணும்ங்கிறதை டாக்குமென்ட் எழுதி வெச்சுக் கத்துக்க முடியாது மக்களே. பக்கத்துல ஒருத்தர் நின்னு காட்டணும். அதனாலதான் இழப்பு இவ்ளோ பெருசு. ஆனா அந்த ஒருத்தர் முன்னாடியே நாலு பேருக்குக் காட்டியிருந்தா, வித்தை அவரோட போயிடாது.

உங்களுக்கு வேலை கத்துக்கொடுத்தவங்களுக்கு இன்னைக்கு ஒரு போன் போடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.