பேய் பங்களாவைக் கட்டியவர்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "வெளிநாட்டுல கட்டட வேலை பாத்துட்டு வந்திருக்க. பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்றார். கான்கிரீட்டைப் பற்றிப் பேசினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். இதே அரங்கத்திலிருந்து அப்படி எழுந்து போனவன்தான் நானும். அதனால் ஒரு பேய் பங்களாவைப் பற்றிப் பேசுகிறேன். பேய் என்றால் யாரும் எழுந்து போவதில்லை.

நம்ம ஹாஸ்டலில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மாடிப்படியில் கொலுசுச் சத்தம் கேட்கும் என்று ஒரு கதை இருந்தது. என் செட் ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். சீனியர் அண்ணன் ஒருவர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு போன சத்தம் அது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. ஆகவே பேய் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லப் போகும் பங்களா மலேசியாவில், பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பத்து காஜா என்ற ஊருக்கும் கோப்பெங் என்ற ஊருக்கும் நடுவே, ஒரு சின்ன ஆற்றைத் தாண்டி, மேட்டின் மேல் நிற்கும். கெல்லி கோட்டை என்று பெயர். பேய் இருக்கிறது என்று அந்த நாடு முழுக்கப் பிரசித்தம்.

கட்டியவர் வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பிறந்தது 1870. இருபது வயதில் மலாயாவுக்கு வந்து, சர்வே செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்து, காடு வெட்டும் காண்டிராக்டில் பணம் பார்த்தார். அந்தப் பணத்தில் நிலம் வாங்கி ரப்பர் போட்டார். ஈயச் சுரங்கத்திலும் இறங்கினார். முதலில் ஒரு வீடு கட்டினார். அது போதாதென்று 1915-ல் பக்கத்திலேயே ஒரு மாளிகைக்கு அஸ்திவாரம் போட்டார்.

மனிதருக்கு இருந்த ஆசையைக் கேளுங்கள். ஆள் ஸ்காட்லாந்து. இடம் மலாயா காடு. வீட்டு வளைவுகளெல்லாம் குதிரை லாடம் போல, அரபு நாட்டுப் பாணி. செங்கலும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. லிப்ட் வைப்பதற்கென்றே ஒரு கோபுரம்; மலாயாவிலேயே முதல் லிப்டாக அது இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மாடியில் டென்னிஸ் ஆட இடம், கீழே மது அறை, போதாக்குறைக்கு ரகசியப் படிகள். இதையெல்லாம் கட்டி முடிக்க நம்ம சென்னை மாகாணத்திலிருந்து எழுபது கொத்தர்களைக் கூட்டிப் போனார் என்று சொல்லுகிறார்கள்.

வீடு முடியவில்லை. 1926 டிசம்பரில், போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில், நிமோனியா வந்து துரை இறந்துபோனார். வயது 56. மனைவி எஸ்டேட்டை விற்றுவிட்டார். குடும்பம் திரும்பி வரவில்லை. பூசாத சுவரும், கதவில்லாத ஜன்னலும், லிப்ட் இல்லாத கோபுரமுமாக வீடு அப்படியே நின்றுவிட்டது. காடு ஏறி மூடியது. அப்புறம் பேய்க்கதை வர எத்தனை நாள் ஆகும்? மாடித் தாழ்வாரத்தில் துரை நடக்கிறார் என்றும், ஓர் அறையில் அவர் மகள் நிற்கிறாள் என்றும் சொல்ல ஆரம்பித்தார்கள். இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.

அங்கே நான் தனியாகப் போகவில்லை. எங்கள் சைட்டில் வேலை பார்த்த கொத்தனார் ஒருவர், களக்காட்டுப் பக்கத்துக்காரர், வயது ஐம்பத்தைந்துக்கு மேல், என்னோடு வந்தார். சைட்டில் அவர் என்னை சார் என்பார். ஞாயிற்றுக்கிழமையானால் தம்பி. எனக்கு எல்லா நாளும் அவர் அண்ணாச்சிதான்.

உள்ளே போனதும் நான் என் படிப்பைக் காட்ட ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, இந்தக் கோபுரம் கீழேயிருந்து மேலே வரைக்கும் காலியா இருக்கு. வெயில்ல காத்து சூடாகி, அடுப்புப் புகைபோக்கி மாதிரி மேலே இழுக்கும். ஜன்னலுக்குக் கதவு கிடையாது. அப்போ ஊளைச் சத்தம் வரத்தானே செய்யும்? இதுதான் பேய்!"

அண்ணாச்சி நான் சொன்னதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. ஒரு வளைவுக்கு அடியில் நின்று, செங்கல் இணைப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். வளைவின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இங்கன பாருங்க தம்பி. நூறு வருஷம் மழை நின்னு பேஞ்சிருக்கு. ஒரு கல்லு அசையலை. நல்ல கை" என்றார். அப்புறம் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கட்டினவன் பேரு எங்கன எழுதியிருக்கு?"

துரையின் பெயர் எழுதிய பலகையைக் காட்டினேன்.

"அவரு கட்டச் சொன்னவரு. கட்டினவனைக் கேக்கேன்."

எல்லாப் பலகையும் தேடினோம். துரை, மனைவி, மகள், மகன் எல்லாருக்கும் அறை இருந்தது, கதை இருந்தது, பேய்கூட இருந்தது. கொத்தர்களுக்கு இருந்தது ஒரே ஒரு செய்தி. 1918-ல் உலகம் முழுக்கப் பரவிய விஷக்காய்ச்சல் இந்த வேலையாட்களிலும் பலரைக் கொண்டுபோனது. மீதிப் பேர் துரையிடம் போய், மாரியம்மனுக்குக் கோயில் கட்டித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். துரை சரி என்றார். அந்தக் கோயில் மாளிகையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் இன்னும் இருக்கிறது.

அங்கேயும் போனோம். கோயிலின் மேலே சாமி சிலைகளுக்கு நடுவில் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார். கெல்லி துரைதான் என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. "கேட்டதைச் செஞ்சாரு, வச்சிருக்காவ" என்றார்.

அது நம்ம சீமைக்குப் புதிதல்ல. 1809-ல் ஆரல்வாய்மொழிக் கோட்டைச் சண்டையில் அடிபட்டுச் செத்த கேப்டன் போல் என்ற ஆங்கிலேயனின் கல்லறையில், நம்ம ஜில்லா ஜனங்கள் சாராயமும் சுருட்டும் வைத்துக் கும்பிட்டார்கள் என்று கால்டுவெல் 1849-ல் எழுதியிருக்கிறார். பாபநாசம் மலைமேல், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போயிருப்பீர்கள். அங்கே பட்டவராயனுக்குத் தோல் செருப்புக் காணிக்கை. மாடு பிடிக்க வந்த கள்ளர்களோடு சண்டை போட்டுச் செத்த முத்துப்பட்டன்தான் அவர். அகாலத்தில் செத்தவனுக்கு நம் ஆட்கள் பீடம் போட்டு, கொடை கொடுத்து, ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டில் அவன் பேரையும் ஊரையும் சொல்லிப் பாடுகிறார்கள். பேயைச் சாமியாக்கி வீட்டுப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிற ஊர் நம் ஊர்.

கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அண்ணாச்சி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"போன மாசம் போனானே ஒரு பய. அவன் பேரு ஒங்களுக்குத் தெரியுமா தம்பி?"

இதை இந்த மேடையில் சொல்ல வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன். எங்கள் சைட்டில் ராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருத்தன், கம்பி கட்டும் வேலை. ஒரு நாள் என்னிடம் வந்து, "சார், ரெண்டு நாளா காய்ச்சல், லீவு வேணும்" என்றான். மறுநாள் எனக்கு சிலாப் கான்கிரீட் இருந்தது. பம்ப் வண்டி சொல்லியாயிற்று, லாரி சொல்லியாயிற்று. "மாத்திரை போட்டுக்கோ. நாளைக்கு சிலாப்பை முடிச்சிட்டுப் போப்பா" என்றேன். முடித்துவிட்டுத்தான் போனான். அது டெங்கு. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் இறந்துபோனான். முன்னாலேயே போயிருந்தால் பிழைத்திருப்பானா, எனக்குத் தெரியாது. நான் அனுப்பவில்லை என்பது தெரியும்.

தினசரி ரிப்போர்ட்டில் ஆள் கணக்கு என்று ஒரு கட்டம் உண்டு. அதுவரை 42 என்று எழுதிக்கொண்டிருந்தேன். அப்புறம் 41 என்று எழுதினேன். அண்ணாச்சி கேட்டபோது என் வாயில் வந்தது அவனுடைய பாட்ஜ் நம்பர்தான். பேர் வரவில்லை.

1918-ல் வேலையாட்கள் வந்து கேட்டபோது, அந்தத் துரை கோயில் கட்டிக் கொடுத்தார். நம்ம கல்லூரியில் முதல் வகுப்பில் பாஸான நான், தமிழில் வந்து கேட்ட ஒரு தமிழ்ப் பையனுக்காக ஒரு சிலாப்பைத் தள்ளிப்போடவில்லை.

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. அவன் பேரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், அம்மா பேரையும் சொன்னார். "எழுதிக்கிடுங்க" என்றார். வழியில் கடையில் ஒரு நோட்டு வாங்கி எழுதினேன். அவன் வீட்டாரிடம் கேட்காததால் அந்தப் பேரை இங்கே சொல்லவில்லை. என் நோட்டில் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் பார்த்த ஒவ்வொரு சைட்டிலும், வேலைக்கு வருகிறவர்களின் பேர், ஊர், வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே எழுதிக்கொள்கிறேன். காய்ச்சல் என்று யார் வந்தாலும் அன்றைக்கு வண்டி போகும். இதனால் எந்தக் கட்டடமும் நின்றுபோகவில்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் சாரா வின்செஸ்டர் என்ற பணக்கார விதவையின் வீடு ஒன்று இருக்கிறது. துப்பாக்கிக் கம்பெனிக் குடும்பம். 1886-லிருந்து பல வருஷம் கட்டிய வீடு. மாடிப்படி ஏறிப் போனால் கூரையில் போய் முட்டும். அதுவும் பேய் வீடு என்றுதான் பேர். அந்த அம்மா பேர் உலகத்துக்குத் தெரியும். அங்கே மரவேலை செய்த ஆசாரிகளின் பேரை எத்தனை பேர் சொல்லுவோம்?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் தாமிரபரணிக்கு மேலே, மாஞ்சோலையில், சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட காட்டில், நாலு தலைமுறை தேயிலை பறித்தார்கள். 2024 ஜூனில் அந்த வேலை நின்றது. லைன் வீடுகள் காலியாக ஆரம்பித்தன. ஆள் இல்லாத வீட்டுக்கு நாளைக்குப் பேய்க்கதை சொல்ல ஆள் வந்துவிடும். அங்கே இருந்தவர்கள் பேரை இப்போதே யாராவது எழுதி வைத்தால் நல்லது. உங்களில் பலருக்கு அங்கே சொந்தபந்தம் இருக்கும். பாட்டியிடம் போய்க் கேளுங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களில் பாதிப் பேர் சைட்டுக்குப் போவீர்கள். ரசமட்டமும் தூக்குக்குண்டும் பிடிக்க உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் போவது ஒரு கொத்தனார்தான். முதல் நாளே அவர் பேரைக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நம் சங்கத்தின் செலவில் கட்டிக்கொண்டிருக்கும் புதிய கட்டடத்தின் கல்வெட்டில் நன்கொடை தந்தவர்கள் பெயர் வரப் போகிறது. என் பெயரும் இருக்கிறது என்று செயலாளர் அண்ணன் சொன்னார். இன்று காலை அங்கே போய், சாரத்தின் மேல் நின்றவர்களிடம் விசாரித்தேன். மேஸ்திரி, கொத்தனார், சித்தாள், கம்பி வேலை, எலக்ட்ரீஷியன் என்று மொத்தம் முப்பத்தொரு பேர். பேரும் ஊரும் இந்தத் தாளில் இருக்கின்றன. கல்வெட்டில் இடம் போதாது என்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இரண்டு பேராவது வருவார்கள். மீதிக்கு இன்னொரு கல் வேண்டுமென்றால் அதன் செலவு என்னுடையது.

தாளைச் செயலாளர் அண்ணன் கையில் இப்போதே கொடுத்துவிடுகிறேன்.