தேடினால் கிடைக்கிறதா நம் பள்ளி?

(வடசென்னைப் பகுதி ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிக்கு இணையதளம் தேவையா என்ற கேள்வி பழையதாகிவிட்டது. பல பள்ளிகளில் தளமோ வலைப்பூவோ இருக்கிறது. ஆனால் ஒரு பெற்றோர் தம் கைபேசியில் தேடினால் அது கிடைக்கிறதா? இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நம் பகுதியில் இது வெறும் கணினி விஷயமல்ல. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினார்கள். இப்படிப்பட்ட வேளையில் ஒரு தாய் கைபேசியை எடுத்து, "அமோனியா நெடி வந்தா என்ன பண்ணணும்?" என்று தமிழில்தான் கேட்பார். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும், காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும் என்று எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஒரு கையேடு தயாரித்துப் பள்ளித் தளத்தில் வெளியிட்டிருந்தார்கள். நல்ல தமிழில், படங்களோடு எழுதியிருந்தார்கள். ஆனால் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினாலும் அந்தப் பக்கம் வரவில்லை. காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்தோம். அவற்றில் பெரும்பாலானவை நம் எல்லாப் பள்ளித் தளங்களுக்கும் பொருந்தும்.

தேடுபொறியும் நூலகமும்

1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர் எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் உருவாக்கிய கோலன் பகுப்புமுறை 1933-இல் வெளிவந்தது. ஒரு நூலகத்தில் புத்தகம் இருந்தால் மட்டும் போதாது. அது பகுக்கப்பட்டு, அட்டவணையில் ஏறி, உரிய அடுக்கில் இருந்தால்தான் கேட்பவர் கைக்கு வரும்.

தேடுபொறியும் இப்படித்தான். முதலில் அதன் நிரல் இணைப்புகளைப் பின்பற்றிப் பக்கம் பக்கமாகச் சென்று படிக்கிறது. அடுத்து, படித்ததை அட்டவணையில் சேர்க்கிறது. கடைசியாக, ஒருவர் தேடும்போது பொருத்தமானவற்றை வரிசைப்படுத்தித் தருகிறது. முதல் இரண்டு படிகளில் தடை இருந்தால், மூன்றாவது படிக்கு நம் பக்கம் வந்தே சேராது.

பூட்டியிருக்கும் கதவு

வேர்ட்பிரஸ் மென்பொருளில் தளம் அமைக்கும்போது, தேடுபொறிகள் இந்தத் தளத்தை அட்டவணையிட வேண்டாம் என்று சொல்லும் ஒரு சிறு கட்டம் உண்டு. அமைப்புகள் பகுதியில் 'ரீடிங்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும். வேலை முடியும்வரை அதில் டிக் போட்டு வைப்பது வழக்கம். தளத்தை அமைத்துக் கொடுப்பவர் அதை எடுக்க மறந்தால், அழகான தளம் பூட்டிய கதவுக்குப் பின்னால் நிற்கும். எங்கள் தளத்திலும் முதல் தடை இதுவே.

சோதிக்க எளிய வழி உண்டு. கூகுள் தேடல் பெட்டியில் 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேருங்கள். ஒரு பக்கமும் வரவில்லை என்றால் கதவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசச் சேவையில் தளத்தைப் பதிவு செய்தால், எந்தப் பக்கம் அட்டவணையில் இருக்கிறது, எது ஏன் இல்லை என்று அதுவே சொல்லும். தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பையும் அங்கே கொடுத்துவிடலாம்.

படமாகிப் போன எழுத்து

சுற்றறிக்கையை அச்சிட்டு, கையொப்பமிட்டு, ஸ்கேன் செய்து ஏற்றுவது நம் பழக்கம். மனிதக் கண்ணுக்கு அது எழுத்து. கணினிக்கு அது ஒரு புகைப்படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் நுட்பம் வளர்ந்திருக்கிறது என்றாலும், மங்கலான ஸ்கேனை நம்பி இருக்க முடியாது. கையொப்பமிட்ட படிவம் தேவையென்றால் இருக்கட்டும். அதன் செய்தியைப் பக்கத்திலேயே நான்கு வரியாகத் தட்டச்சு செய்துவிடுங்கள். படங்களுக்கு ஒரு வரி மாற்று உரையும் கொடுங்கள். இதனால் தேடுபொறிக்கு மட்டுமா பயன்? பார்வைக் குறைபாடுள்ள நம் சக ஆசிரியர்களும் மாணவர்களும் திரைவாசிப்பான் வழியாகத்தான் படிக்கிறார்கள். படத்தில் உள்ள எழுத்து அவர்களுக்கும் எட்டாது.

எழுத்துருச் சிக்கல்

இது தமிழுக்கே உரிய தடை. பழைய பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டினால், கோப்புக்குள் சேமிக்கப்படுவது தமிழ் அல்ல. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான் உள்ளே இருக்கும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டுகிறது. தேடுபொறி வேடத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பதைப் படிக்கிறது. 1991-இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. 2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆனாலும் பழைய கோப்புகளை அப்படியே ஏற்றும் வழக்கம் போகவில்லை. எழுத்துருமாற்றி மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை பிழை திருத்தினால் போதும்.

யூனிகோடில் தட்டினாலும் ஒரு நுட்பமான பிழை வரும். தமிழாசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஔவையார் என்பதன் முதல் எழுத்து ஒரே எழுத்து. பலர் 'ஒ' தட்டி, பக்கத்தில் 'ள' தட்டிவிடுகிறார்கள்: ஒளவையார். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு முதலாவது வேறு சொல், இரண்டாவது வேறு சொல். 'கௌரவம்', 'கெளரவம்' என்பதும் இப்படியே. தேடுபொறி சில வேளைகளில் ஊகித்துக்கொள்ளும். பக்கத்துக்குள் தேடும் வசதி பெரும்பாலும் ஊகிக்காது. பிள்ளைகளுக்கு எழுத்துப்பிழை கற்றுத்தர இதைவிட நல்ல பாடம் இல்லை. எங்கள் வகுப்பில் இரண்டையும் தட்டச் சொல்லி, தேடிக் காட்டினோம். ஒருமுறை பார்த்த பிறகு அந்தப் பிழையை அவர்களே பிறரிடம் சுட்டிக்காட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஊர்ப்பெயரிலும் கவனம் வேண்டும். இராயபுரம் என்றும் ராயபுரம் என்றும் எழுதுகிறோம். இரண்டு வடிவத்திலும் தேடுவோர் உண்டு. தலைப்பில் ஒன்று, உள்ளே இயல்பாக மற்றொன்று என இரண்டும் வந்தால் நல்லது. அதற்காக ஒரே சொல்லை இருபது முறை நிரப்புவது வேண்டாம். அதைத் தேடுபொறிகள் ஏமாற்று வேலையாகவே கருதுகின்றன.

தலைப்பு, முகவரி, எடை

எங்கள் தளத்தில் எல்லாப் பக்கங்களுக்கும் 'முகப்பு' என்றே தலைப்பு இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பெயர் வைத்தால் வருகைப்பதிவு எப்படி எடுப்பது? 'அமோனியா கசிந்தால் என்ன செய்ய வேண்டும்? எண்ணூர் மாணவர் கையேடு' என்று மாற்றினோம். கேட்பவரின் கேள்வியே தலைப்பானது.

நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயரும்போது தள முகவரியும் மாறுவதுண்டு. பழைய இணைப்பைத் தொட்டால் '404' என்று வரும். பக்கம் இல்லை என்பது அதன் பொருள். அஞ்சலகத்தில் முகவரி மாற்றம் சொல்வதுபோல, '301' என்ற நிரந்தரத் திருப்பி அனுப்புதலை அமைக்க வேண்டும். ஒரே பக்கம் இரண்டு முகவரிகளில் திறந்தாலும், எது முதன்மை என்று கேனானிக்கல் குறியால் சொல்லிவிட வேண்டும்.

கூகுள் இப்போது தளத்தின் கைபேசி வடிவத்தையே முதன்மையாகப் படிக்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும் என்பது அதன் அளவுகோல். ஆண்டுவிழாப் படங்களைச் சுருக்காமல் ஏற்றினால் ஒவ்வொன்றும் பல எம்.பி. இருக்கும். அவற்றைச் சில நூறு கே.பி.க்குச் சுருக்குங்கள். தினக்கூலிக்குச் செல்லும் பெற்றோரின் டேட்டாவும் மிச்சமாகும்.

மறைக்க வேண்டியதை மறைப்போம்

தேடினால் கிடைக்க வேண்டியது அறிவிப்பும் பாடமும்தான். பிள்ளைகளின் விவரம் அல்ல. பெயர்ப்பட்டியல், எமிஸ் எண், ஆதார் எண், பெற்றோர் கைபேசி எண் எதுவும் பொதுத்தளத்தில் ஏறவே கூடாது. 'ரோபோட்ஸ்' கோப்பில் தடை எழுதிவிட்டோம் என்று நிம்மதி அடையவும் வேண்டாம். அது தேடுபொறியின் நிரலுக்கு வைக்கும் வேண்டுகோள் மட்டுமே, பூட்டு அல்ல. தடை எழுதிய முகவரியும், வேறு தளத்தில் இணைப்பு இருந்தால், தேடலில் தலைகாட்டக்கூடும்.

நண்பர்களே, இவற்றுள் பாதிக்கு மேல் நாம் வகுப்பில் தினமும் சொல்லிக்கொடுப்பவைதான். தெளிவான தலைப்பு வை, பிழையின்றி எழுது, கேட்டதற்கு விடை சொல். மீதியைக் கணினி ஆய்வகத்தில் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம், மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் அட்டவணையில் ஏற சில வாரங்கள் ஆயின. இப்போது அது தேடினால் கிடைக்கிறது.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பள்ளியின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லி, ஒரு பெற்றோர் கேட்கக்கூடிய கேள்வியைக் கைபேசியில் தமிழில் கேட்டுப் பாருங்கள். என்ன வருகிறது என்று குறித்துக்கொண்டு, அடுத்த பயிற்சிக்கு அந்தத் தாளோடு வாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.