இரண்டு விசுவாசப் பிரமாணங்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நன்றி வழிபாட்டின் பின்னர் ஆற்றப்பட்ட உரை)



விடுதி வாழ்க்கை, வலைப்பந்தாட்டம், கரோல் ஆராதனை ஆகியவற்றின் இனிய நினைவுகளை என்னிலும் அழகாகச் சொல்லக்கூடியவர்கள் இந்தச் சபையில் பலர் இருக்கிறீர்கள். ஆகவே, வயது சென்ற காலத்தில் என் மனதில் அடிக்கடி எழும் ஒரு விடயத்தைப் பேச அனுமதி கேட்டேன். கிறிஸ்தவளாகிய நான் என் நாட்டுக்குச் செலுத்த வேண்டிய கடன் என்ன? அந்தக் கடனுக்கு எல்லை உண்டா?

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பெண்கள் இந்தக் கேள்வியை மூன்று விதமாகச் சந்தித்தோம். 1930களில் இங்கே படித்த என் தாயார் பரிசளிப்பு விழாவில் இங்கிலாந்து மன்னருக்கான கீதத்தைப் பாடினார். 1950களில் நான் பண்டிதர் மு. நல்லதம்பி தமிழாக்கிய தேசிய கீதத்தைப் பாடினேன். என் மகள் கனடாவில் குடியுரிமை பெற்ற நாளில் எலிசபெத் இராணிக்கும் அவரது வாரிசுகளுக்கும் உண்மையாயிருப்பேன் என்று சத்தியம் செய்தாள். அம்மம்மா பாடிய இடத்துக்கே பேத்தி போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று வீட்டில் சிரித்தோம். ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிற விடயமல்ல.

நம் தமிழில் ஒரு விசேஷம் உண்டு. கடவுளில் நாம் வைக்கும் நம்பிக்கைக்கும் விசுவாசம் என்று பெயர். அரசுக்கும் எசமானுக்கும் காட்டும் பற்றுக்கும் விசுவாசம் என்றே பெயர். ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று அறிக்கையிடுவது விசுவாசப் பிரமாணம். அரசாங்க அதிகாரி முன்னால் கையுயர்த்திச் சொல்வதும் விசுவாசப் பிரமாணம். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் இரண்டும் ஒரே தரம் என்று நினைத்துவிட இடமுண்டு. எது முதலாவது, எது இரண்டாவது என்பதே என் பேச்சின் பொருள்.

முதலில் வேதாகமம் சொல்வதைப் பார்ப்போம். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில் அதிகாரத்திலுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறார். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபம் அரசர்களுக்காக ஜெபிக்கச் சொல்கிறது. அந்நாளைய பேரரசர் கிறிஸ்தவரல்ல என்பதை நாம் மறக்கக்கூடாது. அதே வேதாகமத்தில், பேசக்கூடாது என்று ஆலோசனைச் சங்கம் கட்டளையிட்டபோது, மனிதரைவிடத் தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று அப்போஸ்தலர் மறுத்துவிட்டார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தின் 13ஆம் அதிகாரமோ, வணக்கத்தைக் கேட்கும் அரசை ஒரு மிருகமாகவே காட்டுகிறது.

இவை ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா? இல்லை என்றே நினைக்கிறேன். வரிப்பணம் பற்றிக் கேட்டவர்களிடம் இயேசு ஒரு நாணயத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதில் இருந்தது இராயனின் உருவம். ஆகவே அது இராயனுக்கு உரியது. ஆனால் மனிதரில் இருப்பது தேவனின் சாயல். வரி, சட்டத்துக்கு அமைதல், பொதுப்பணி, அயலவரின் நலனுக்கான உழைப்பு ஆகியவற்றை நாடு நம்மிடம் கேட்கலாம். நாமும் மனமுவந்து கொடுக்கலாம். மனச்சாட்சியை மட்டும் அதனிடம் கொடுக்க முடியாது. அதில் வேறொருவரின் முத்திரை இருக்கிறது.

நம் கல்லூரி போன்றவற்றை நிறுவியவர்கள் அந்நியர். ஆகவே இங்கே படித்தவர்களுக்கு நாட்டுப்பற்று இல்லை என்ற குற்றச்சாட்டை நம் அம்மாமார் கேட்டார்கள், நாமும் கேட்டோம். வரலாறு வேறு கதை சொல்கிறது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கி, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கத்தில் சைவரும் கிறிஸ்தவரும் ஒன்றாக நின்றார்கள். அதன் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம் யாழ்ப்பாணக் கல்லூரி என்ற மிஷன் கல்லூரியிலே ஆசிரியராயிருந்தவர். அவர்கள் 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார்கள். சாதி வேற்றுமையை எதிர்த்தார்கள். முழுச் சுயராச்சியம் தரவில்லை என்பதற்காக 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தார்கள். அந்தப் பகிஷ்கரிப்பு சரியா, பிழையா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதம் படித்தவர்கள் வெள்ளைக்காரரின் ஆட்சிக்குத் தலையாட்டினார்கள் என்று எவரும் சொல்ல முடியாது.

சுதந்திரம் வந்தது. அந்த 1948ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழ் மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. என் தந்தையார் அரசாங்க எழுதுவினைஞர். வேலையில் நிலைப்பதற்காக இரவில் லாம்பு வெளிச்சத்தில் சிங்களம் படித்தார். ஞாயிறுதோறும் சபையார் நாட்டுத் தலைவர்களுக்காக ஜெபித்தபோது அவரும் ஆமென் சொன்னார். இவ்வளவு நடந்த பிறகும் அவர்களுக்காக எப்படி ஜெபிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "பிள்ளை, நல்லவர்கள் என்பதற்காக இல்லை, அவர்களுக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்று அவர்களுக்கும் எங்களுக்கும் ஞாபகப்படுத்தத்தான்" என்றார். ஆட்சியாளருக்கான ஜெபத்தை இதைவிடத் தெளிவாக எவரும் எனக்கு விளக்கியதில்லை.

1983 ஜூலையில் நடந்தவற்றை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீடிழந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். அடுத்த மாதமே அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று பாராளுமன்ற உறுப்பினர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். தமிழர் விடுதலைக் கூட்டணியினர் அதை மறுத்து ஆசனங்களை இழந்தார்கள். நான் அப்போது அரசாங்கப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என்னைப் போன்ற பலர், பிள்ளைகளின் படிப்பையும் வயதான பெற்றோரையும் நினைத்துக் கையெழுத்திட்டோம். மறுத்தவரையும் இட்டவரையும் நான் தரம் பிரிக்கமாட்டேன். ஆனால் குடிமக்களைக் காப்பாற்றத் தவறிய அரசு, அந்தச் சாம்பல் ஆறுமுன்னே அதே மக்களிடம் விசுவாசத்தை எழுத்தில் கேட்டது. காகிதத்தில் எழுதி வாங்குவது கீழ்ப்படிவாகலாம். பற்று அப்படி வருவதில்லை. நீதி நடக்கும் இடத்தில் அது தானாக வளரும்.

அதே 1983இல் இன்னொரு குரலும் எழுந்தது. குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க செப்டெம்பரில் தமது மறைமாவட்டத்துக்கு ஆற்றிய உரையில், சிங்களவராகிய தாமும் தம் இனத்தவரும் வெட்கப்பட வேண்டும் என்றும், தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அவர் எவருடைய வீட்டையும் எரித்தவரல்ல. குடியியல் உரிமைகளுக்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர். ஒக்டோபர் 23ஆந் திகதி, 56 வயதில், அவர் காலமானார். அவரைத் தேசத்துரோகி என்பதா? தம் மக்கள் நல்லவர்களாக வேண்டும் என்று விரும்பியதால்தான் அந்த உண்மையைச் சொன்னார். என்னைக் கேட்டால், அந்த ஆண்டில் இந்த நாட்டைக் கூடுதலாக நேசித்தவர்களில் அவர் ஒருவர்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் உங்களுக்கும் எனக்கும் சுகமாயிருக்கும். நிறுத்தக்கூடாது. அளவு மீறக்கூடியது நாட்டுப்பற்று மட்டுமல்ல, இனப்பற்றும் அப்படித்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்களே. நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள், நம் அப்பாமாருக்குக் கடையில் கடன் கொடுத்தவர்கள், கையில் ஒரு பையோடு தெருவில் நடந்தார்கள். துப்பாக்கிக்கு முன்னால் சாதாரண சனம் என்ன செய்ய முடியும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகும், சிங்கள ஆயர் தம் மக்களிடம் கேட்டதைத் தமிழ்ச் சபைகளாகிய நாம் நம் மக்களிடம் எவ்வளவு கேட்டிருக்கிறோம்? ஒரு தராசை வைத்துக்கொண்டு மற்றவரை மட்டும் நிறுக்க முடியாது.

இது நமக்கு மட்டும் உரிய சோதனையல்ல. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஜெர்மனியின் சபைகளில் பல கொடியையும் சிலுவையையும் அருகருகே வைத்துக்கொண்டன. 1934இல் பார்மன் நகரில் கூடிய ஒரு பகுதியினர், மனித வாழ்வு முழுவதையும் அரசு தன்னதாக்கிக்கொள்ள முடியாது என்று அறிக்கையிட்டார்கள். துணிச்சலான அறிக்கை. ஆயினும் அந்த அறிக்கையில் யூதரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சபை தன் சுதந்திரத்துக்காகக் குரல் கொடுத்தது; அயலவனுக்காகக் கொடுக்க மறந்தது. இதை வாசித்தபோது எனக்கு 1990தான் ஞாபகம் வந்தது.

கத்தோலிக்க சகோதரிகளும் இங்கே இருக்கிறீர்கள். 1965இல் நிறைவுற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம், குடிமக்கள் தாய்நாட்டைத் தாராள மனதோடு நேசிக்க வேண்டும், ஆனால் குறுகிய மனம் கூடாது, மனிதகுலம் முழுவதன் நன்மையும் கண்ணில் இருக்க வேண்டும் என்று போதித்தது. எந்தச் சபையில் இருந்தாலும் நாம் வந்து சேரும் இடம் இதுதான். கடவுளை முதலாவதாக வைப்பவள் நாட்டைக் குறைவாக நேசிப்பதில்லை. அதை வணங்காமல் நேசிக்கிறாள். ஆகையால் அதைக் கண்டிக்கவும் அவளால் முடியும்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் எடுத்த சத்தியம் உங்கள் மண்ணுக்குத் துரோகமா என்று மனம் குழம்பத் தேவையில்லை. பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தை வாசியுங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், நீங்கள் வாழும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறார். அதே சனங்கள் எருசலேமையும் மறக்கவில்லை. இரண்டு வீடுள்ளவர்கள் இரண்டு இடத்திலும் முற்றம் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். அங்கே வந்து சேரும் புதிய அகதிக்கு நீங்கள் காட்டும் முகமே உங்கள் பற்றுக்குச் சாட்சி.

2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் தமிழரும் சிங்களவரும் ஆராதனையிலேயே மாண்டார்கள். அந்த இரத்தத்தில் இனம் பிரிக்க முடியவில்லை. பின்னர் முஸ்லிம் அயலவர்கள் மீது கோபம் திரும்பியபோது, பழிக்குப் பழி வேண்டாம் என்று சபைத் தலைவர்கள் சொன்னார்கள். விசுவாசம் நாட்டுக்குச் செய்யும் உண்மையான தொண்டு அதுதான்.

நூறு ஆண்டு கடந்த நம் சங்கத்திடம் இரண்டு கோரிக்கைகளை வைத்து முடிக்கிறேன். ஒன்று, நாம் வழங்கும் உதவித்தொகைகள் மலையகத்துப் பிள்ளைகளுக்கும், திரும்பிவந்து குடியேறியிருக்கும் முஸ்லிம் குடும்பங்களின் பெண்பிள்ளைகளுக்கும் போய்ச் சேரட்டும். மற்றது, இங்கே படிக்கும் பிள்ளைகள் சிங்களத்தை நன்றாகக் கற்கச் சங்கம் உதவட்டும். என் தந்தையார் பயத்தில் படித்த அந்த மொழியை, இவர்கள் அயலவரோடு பேசுவதற்காகப் படிக்கட்டும்.

கர்த்தர் நம் கல்லூரியையும், நம் நாட்டையும், நீங்கள் வாழும் நாடுகளையும் ஆசீர்வதிப்பாராக.