இராமக்கல்மேட்டில் குறவனும் குறத்தியும்

பாட்டிலே பழகியவரைச் சிலையிலே காண்பது தனியோர் இன்பம். சென்ற விடுமுறையில் யாம் சிலர் இராமக்கல்மேடு சென்று குறவன் குறத்தி சிலையைக் கண்டு வந்தோம்.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, திண்டுக்கல் வழியாக மதுரை; அங்கிருந்து போடிநாயக்கனூர். அகலப்பாதைப் பணிக்காக 2010-இன் இறுதியில் நின்ற போடி வண்டி 2023 ஜூன் மாதத்தில் மீண்டும் ஓடத் தொடங்கியதை இங்குள்ள இரயில்வேத் தோழர்கள் அறிவார்கள். அதற்குமேல் நம் தொழில் செல்லாது. இடுக்கி மாவட்டத்தில் தண்டவாளமே கிடையாது! பேருந்தில் போடிமெட்டு ஏறி, நெடுங்கண்டம் சேர்ந்து, இன்னும் ஏறத்தாழ 15 கி.மீ. செல்ல வேண்டும்.

மலை விளிம்பில் காற்று ஆளைத் தள்ளுகிறது. கீழே தேனி மாவட்டத்துச் சமவெளி விரிந்து கிடக்கிறது. சிற்பி சி. பி. ஜினன் 2005-இல் படைத்த அச்சிலை 37 அடி உயரம். மலைவாழ் இணையர் இருவர் சாபத்தால் இரு மலைகளாயினர் என்பது அந்நாட்டுக் கதை. அந்தக் குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் இடையிலேதான் 555 அடி உயர இடுக்கி வளைவு அணை எழுந்து, 1976-இல் திறக்கப்பெற்றது.

சிலை பிறந்தது இக்கதையினின்று. ஆயினும் எம் செவியில் ஒலித்தது குறவஞ்சிப் பாட்டே. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வரும் குறத்தி இரப்பவளாகவா பேசுகிறாள்? நாடாளும் அரசியைப் போலத் தன் மலைவளத்தை எடுத்துரைக்கிறாள். அவளைத் தேடி அலையும் சிங்கனும் அவன் ஐயங்களுக்கெல்லாம் விடை வைத்திருக்கும் சிங்கியும் எத்துணை இனிய இணை! சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் செய்தியைச் சேரனுக்கு உரைத்தவரும் மலைக்குறவரே அல்லரோ?

அப்பெயர் பின்னாளில் பட்ட பாட்டை நினைக்க உள்ளம் நோகிறது. திருவிழா மேடைகளில் 'குறவன் குறத்தி ஆட்டம்' என்ற பெயரால் ஆபாசப் பேச்சும் கேலியும் மலிந்தன. தம் குலப்பெயர் இழிவுறுவதாகக் குறவர் சமூகத்தார் முறையிட்டனர். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணையைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு 2023-இல் அவ்வாட்டத்தைத் தடை செய்தது. தக்க செயல்.

இவ்விழாவில் அவ்வாட்டம் வேண்டுமென்றும், நாம் வாழ்வது கேரளமாதலால் தடை நம்மைக் கட்டாதென்றும் அன்பர் சிலர் வாதிட்டனர். அரசாணை வாளையாற்றுச் சாவடியோடு நின்றுவிடலாம். பிறர் மானமும் அங்கேயே நின்றுவிடுமோ? இராமக்கல்மேட்டில் மலையாளக் குடும்பங்கள் தம் குழந்தைகளுக்கு அண்ணாந்து காட்டும் அவ்விருவரை, தமிழ்ச் சங்க மேடையில் நாம் எள்ளி நகையாடுவதா?

ஆகவே அடுத்த ஆண்டு விழாவில் குற்றாலக் குறவஞ்சியையே நம் பெண்மக்களைக் கொண்டு நாட்டிய நாடகமாக அரங்கேற்றுமாறு செயற்குழுவினரை வேண்டுகிறோம். ஒத்திகைக்கு இடம் கேட்டுப் பெறும் பொறுப்பை யாமே ஏற்கிறோம். மத்தளத்துக்கு மட்டும் ஆள் வேண்டும்.