எண்ணிக்கை ஒன்று, குடும்பங்களும் அவைதாமா?
(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



ஓர் ஊரில் 100 குடும்பங்களில் 40 ஏழைக் குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டு கழித்து எண்ணும்போதும் 40 என்றே கணக்கு வருகிறது. ஊரில் மாறுதலே இல்லை என்று நாம் முடிவு கட்டலாமா? ஏரியின் நீர்மட்டம் மாறவில்லை என்பதனால் வரத்தும் போக்கும் இல்லை என்று எந்த உழவரும் கூறமாட்டார். ஏழைகள் சிலர் கரையேறி, அவர்கள் இடத்தில் வேறு சிலர் வீழ்ந்திருக்கலாம். அன்றி, அதே 40 குடும்பங்களும் பத்தாண்டும் வறுமையிலேயே உழன்றிருக்கலாம். எது உண்மை என்பதை அறிய, அதே குடும்பங்களைத் தொடர்ந்து கணக்கெடுத்தல் வேண்டும்.

ஐதராபாத்தை அடுத்த படான்சேருவில் உள்ள இக்ரிசாட் என்னும் சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1975-இல் இப்பணியைத் தொடங்கியது. மகபூப்நகர், சோலாப்பூர், அகோலா மாவட்டங்களின் மானாவாரிக் கிராமங்களில் ஊருக்கு 40 குடும்பங்களைத் தேர்ந்து, ஆய்வாளர்கள் ஊரிலேயே தங்கி அவற்றின் வரவு செலவைக் குறித்து வந்தனர். அந்த ஆய்வின் 9 ஆண்டுக் கணக்கைப் பொருளியல் அறிஞர்களான ராகவ் கைஹாவும் அனில் தேவலாலிகரும் ஆராய்ந்தனர். 100-க்கு ஏறத்தாழ 22 குடும்பங்கள் 9 ஆண்டுகளும் வறுமையில் இருந்தன. ஓர் ஆண்டும் வறுமை காணாதவை ஏறத்தாழ 12 மட்டுமே. எஞ்சியவை ஏறியும் இறங்கியும் வந்தன.

ராஜஸ்தானத்தின் 35 கிராமங்களை ஆராய்ந்த அனிருத் கிருஷ்ணா, 25 ஆண்டுகளில் 100-க்கு 11 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டன என்றும், 8 குடும்பங்கள் புதிதாக வீழ்ந்தன என்றும் கண்டார். நோய்ச் செலவும், கலியாணம், கருமாதிச் செலவுகளும், கடுவட்டிக் கடனுமே அக்குடும்பங்களை வீழ்த்தியவற்றுள் முக்கியமானவை.

ஆகவே வறுமை இரு வகைப்படும்; பரிகாரமும் இரு வகைப்படும். நீங்காத வறுமைக்கு நிலம், கறவை மாடு, கல்வி, நிலையான வேலை ஆகியவை தேவை. திடீரென வீழ்வோருக்கு மருத்துவ உதவியும், பயிர்க் காப்பீடும், குறைந்த வட்டிக் கடனும் உரிய காலத்தில் கிடைத்தல் வேண்டும். இனம் பிரியாமல் உதவினால், கைதூக்க வேண்டியவரை விட்டுவிட நேரும்.

நமது பஞ்சாயத்தும் ஒரு பேரேட்டில் இதனைத் தொடங்கலாம். ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் விசாரிப்போம். ரொக்கத்தோடு, கூலியாக வந்த நெல்லையும் வீட்டில் உண்ட தானியத்தையும் மதிப்பிட்டுச் சேர்ப்போம். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்ப்போம். பாகம் பிரிந்த குடும்பங்களையும் விடாமல் தொடர்வோம். ஓராண்டு விளைச்சலை மட்டும் கண்டு எவர் பெயரையும் பட்டியலில் சேர்க்கவோ நீக்கவோ வேண்டாம். பேரேட்டில் தொடர்ந்து ஏழையாகவே காணும் குடும்பத்தின் வாசலுக்கு முதலில் செல்வோமாக.