மலைக்காடும் மலையடி மக்களும்



கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் செல்வோர் இன்று காணும் தெல்தெனிய, பழைய ஊர் இருந்த இடத்திலன்று. 1985ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர்த்தேக்கம் பழைய நகரத்தை விழுங்கிவிட்டது. கடைத்தெருவும் மக்களும் மேட்டுக்குப் பெயர்ந்தனர். வாவியில் நீர் வற்றும் காலங்களில் பழைய கட்டடச் சிதைவுகள் தலைகாட்டுவதுண்டு.

அந்நீரில் ஒரு பங்கு நக்கிள்ஸ் மலைத்தொடரிலிருந்து ஹுலு கங்கை வழியே வருகின்றது. ஆகவே அம்மலைக்காட்டை எவர் காப்பது என்பது தெல்தெனியவின் சொந்த வினாவாகும்.

இவ்வினாவிற்கு அரசாங்கம் நெடுங்காலம் ஒரே விடையையே தந்துவந்தது. தக்க உரிமைச் சான்று காட்டப்படாத காடும் சேனை நிலமும் முடிக்குரியவை என்றது 1840ஆம் ஆண்டுச் சட்டம். கோப்பிக்காகக் காடுகள் வெட்டுண்டன. 1873இல், தாவரவியலறிஞர் ஹூக்கரின் ஆலோசனைப்படி, ஐயாயிரம் அடிக்கு மேல் காடழித்தல் தடுக்கப்பட்டது. தடை நல்லதே. ஆயினும் காட்டருகில் வாழ்ந்தவனை எவரும் கலந்துகொண்டாரில்லை.

ஏலத்தின் கதையைச் சற்று விரித்துரைத்தல் தகும். ஏலம் நிழலை நாடும் செடி. பெருமரங்களை நிற்கவிட்டு அடிக்காட்டை வெட்டி அதனை நடுவர். பார்வைக்குக் காடு பசுமையாகவே இருக்கும். ஆனால் விழுந்த மரத்தின் இடத்தில் எழவேண்டிய இளங்கன்று அங்கே இராது. காயை உலர்த்தும் சூளைக்கு விறகும் அக்காட்டிலிருந்தே செல்லும். இச்செய்கைக்கு ஒரு காலத்தில் குத்தகை வழங்கியதும் அரசாங்கமே. பின்னர் அதனை நிறுத்தியதும் அதுவே. 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பேணற்காடாயிற்று. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. பிழைப்பை இழந்த குடும்பத்திற்கு இப்பெருமை சோறிடுமா?

இக்குறையை உணர்ந்தே 1995ஆம் ஆண்டுத் தேசிய வனக்கொள்கை மக்கள் பங்கேற்பை ஏற்றுக்கொண்டது. நேபாளத்தின் 1993ஆம் ஆண்டு வனச்சட்டமோ ஒருபடி மேலே சென்று, காட்டைப் பயன்படுத்துவோர் குழுக்களிடமே பொறுப்பை ஒப்படைத்தது. இலங்கையிலும் வனவளத் திணைக்களத்துடன் கூடிக் காட்டைப் பேணும் கிராமச் சங்கங்கள் தோன்றின. புற்றரையில் தீ எப்பக்கமாகப் பாயும் என்பதை ஊரவன் அறிவான். கித்துள் பாளையைச் சீவுபவனுக்கு அம்மரம் நின்றாலன்றி வருவாயில்லை.

ஒன்று கேட்பேன். சங்கமென்றால் கிராமத்தவர் மட்டுமா? ரங்கலைப் பக்கத்துத் தோட்ட லயங்களிலும் அடுப்புகள் விறகினால் எரிகின்றன. கட்டைச் சுமந்து இறங்கும் பெண்ணுக்கு எம்மரத்தை விடவேண்டும், எதனை எடுக்கலாம் என்பது தெரியும். அவள் பெயர் சங்கத்தின் பதிவேட்டில் ஏறவேண்டும். கூட்ட அறிவித்தலும் தமிழில் அவளுடைய லயத்துக்குச் செல்லவேண்டும்.