அபராதம் டில்லிக்கு, நஷ்டம் மட்டும் நமக்கா?

(மல்லாங்கிணறு கட்டிடத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிமெண்ட் விலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சிமெண்டைப் பற்றி மேடை போட்டுச் சொல்லுவானேன் என்று சிலர் நினைக்கலாம். கலவை போடுகிற விஷயத்தில் நீங்கள்தான் எங்களுக்கு ஆசான். ஆனால் மூட்டையின் விலை எங்கே நிர்ணயமாகிறது, அதில் நாம் இழந்த பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டா என்பது நாம் எல்லோருமே கற்க வேண்டிய பாடம்.

முதலில் நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறோம்.

2011ம் வருஷத் துவக்கம். நமது சங்கத்துச் சித்தாள் ஒருவர், புருஷனை இழந்தவர், சர்க்கார் திட்டத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். திட்டப் பணமோ நிர்ணயமான தொகை. சிமெண்ட் விலையோ வாரத்துக்கு வாரம் ஏறிற்று. சுவர் ஜன்னல் மட்டத்தோடு நின்றுபோயிற்று. "தோழரே, கடைக்காரர் அநியாயம் பண்றாரு, வந்து கேளுங்க" என்று எங்களிடம் அழுதார். நாங்கள் பத்துப் பேர் கடை வாசலில் கூடிக் கோஷம் போட்டோம்.

கடைக்கார அண்ணாச்சி சண்டைக்கு வரவில்லை. பில் கட்டைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார். "எனக்கு வர்ற விலையை நீங்களே பாருங்க. மூட்டைக்கு எனக்கு நிக்கிறது அஞ்சோ ஆறோ. ஏத்துறது நானா?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பினோம்.

டில்லியிலிருந்து வந்த பதில்

பதில் அடுத்த வருஷம் ஜூன் மாதம் டில்லியிலிருந்து வந்தது. கட்டிடக் காண்டிராக்டர்களின் அகில இந்திய சங்கம் 2010ல் கொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டிக் கமிஷன், 11 சிமெண்ட் கம்பெனிகள் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்து உற்பத்தியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்தின என்று தீர்ப்பளித்தது. போட்ட அபராதம் ஏறத்தாழ 6,300 கோடி ரூபாய்!

கமிஷன் கண்டது என்ன? ஆலைகளுக்குத் திறன் இருந்தது. ஆனால் திறனுக்குக் குறைவாகவே ஓட்டினார்கள். உற்பத்தியாளர் சங்கத்தின் மூலம் விலை விவரமும் உற்பத்தி விவரமும் ஒருவருக்கொருவர் தெரிந்தன. 2011 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் சங்கத்தின் பேரில் கூடினார்கள். கூட்டத்துக்குப் பின்னால் விலை ஏறியது. நம் சித்தாளின் சுவர் நின்றுபோனதும் அதே காலந்தான்.

அந்தப் பதினொன்றில் ஏ.ஸி.ஸி., அம்புஜா, அல்ட்ராடெக் போன்ற வடக்கத்திப் பெருங் கம்பெனிகளும் இருந்தன. தெற்கே இந்தியா சிமெண்ட்ஸும், நமது ஆர்.ஆர். நகரில் ஆலை நடத்தும், இன்று ராம்கோ என்று பெயர் மாறிய, மெட்ராஸ் சிமெண்ட்ஸும் இருந்தன. நமது ஜில்லா மண்ணில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லில், நமது ஜில்லா ஆட்களின் உழைப்பில் உண்டான சிமெண்ட்! அதன் விலையை மட்டும் நாம் வெளியூர்க்காரன்போல நின்று விசாரிக்க வேண்டியிருந்தது.

கம்பெனிகள் குற்றத்தை மறுத்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவை அப்பீல் செய்தன. விசாரணையில் உட்காராத தலைவர் தீர்ப்பில் கையெழுத்திட்டார் என்ற காரணத்தால் 2015ல் அது ரத்தாயிற்று. கமிஷன் மறுபடி விசாரித்து 2016 ஆகஸ்டில் சுமார் 6,700 கோடி அபராதம் போட்டது. 2018 ஜூலையில் அப்பீல் டிரிப்யூனல் அதை உறுதி செய்தது. அதே அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு கம்பெனிகளின் அப்பீலை ஏற்று, அபராதத்தில் பத்தில் ஒரு பங்கைக் கட்டச் சொன்னது. புகாரிலிருந்து இதுவரைக்குமே எட்டு வருஷம்!

பணம் யாருக்கு?

தோழர்களே! அபராதம் வசூலானால் எங்கே போகும்? சட்டத்தின் 47வது பிரிவு சொல்கிறது: மத்திய சர்க்காரின் தொகுப்பு நிதிக்குப் போகும். கூடுதல் விலை கொடுத்தது நாம். அபராதம் பெறுவது டில்லி கஜானா.

அப்படியானால் நஷ்டப்பட்டவன் கேட்கவே முடியாதா? முடியும் என்று சட்டம் சொல்கிறது. 53-என் பிரிவைப் படித்துப் பாருங்கள். எந்த நபரும், எந்த நிறுவனமும், மாநில சர்க்காரும், ஸ்தல ஸ்தாபனமும் நஷ்ட ஈடு கேட்டு அப்பீல் டிரிப்யூனலுக்கு மனுப் போடலாம். பலருக்கு ஒரே மாதிரி நஷ்டமென்றால், டிரிப்யூனலின் அனுமதியோடு ஒருவரோ சிலரோ எல்லோருக்காகவும் கேட்கலாம்.

வாசல் இருக்கிறது, ஆனால் வாசலுக்கு முன்னால் இன்னொரு வாசல். கமிஷனோ டிரிப்யூனலோ குற்றம் நடந்ததென்று தீர்மானித்த பிறகே மனுப் போட முடியும். அதற்குமுன் விருதுநகர் கோர்ட்டுக்குப் போகலாமென்றால், சிவில் கோர்ட்டுகள் இதில் தலையிடக் கூடாதென்று 61வது பிரிவு குறுக்கே நிற்கிறது.

கணக்குப் போடுங்கள். சிறு வீட்டுக்கு நூறு மூட்டை என்று வையுங்கள். மூட்டைக்கு 50 ரூபாய் ஏறினால் இழப்பு 5,000 ரூபாய். கமிஷனில் தனிநபர் ஒரு புகாரைப் பதிவு செய்யக் கட்டணமும் 5,000 ரூபாய்தான்! போன ஐயாயிரத்தைப் பற்றி வாய் திறக்க இன்னொரு ஐயாயிரம். அப்புறம் வக்கீல், டில்லிப் பயணம். சித்தாள் வேலைக்குப் போகிறவர் இதைச் செய்வாரா?

அமெரிக்கா காட்டும் பாடம்

முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவில் 1890லேயே டிரஸ்ட் எதிர்ப்புச் சட்டம் வந்தது. நஷ்டப்பட்டவனே வழக்குப் போட்டு, நஷ்டத்தைப்போல் மூன்று மடங்கு வாங்கலாம் என்று அதில் எழுதினார்கள். நல்ல ஷரத்து, நாம் அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் 1977ல் இல்லினாய் மாநிலமும் அங்குள்ள ஸ்தல ஸ்தாபனங்களும், காங்கிரீட் கல் செய்யும் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து விலை ஏற்றின என்று போட்ட வழக்கில், கம்பெனியிடம் நேரடியாக வாங்கியவன்தான் கேட்கலாம், அவனிடம் வாங்கியவன் கேட்கக் கூடாது என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. கல் வாங்கியவர் காண்டிராக்டர். அந்தப் பாரத்தைக் கடைசியில் சுமந்தவர் கட்டிடத்துக்குப் பணம் கொடுத்தவர்!

இது நமக்கும் பொருந்தும் ஆபத்து. நமது 53-என் பிரிவில் அப்படித் தடை எழுதப்படவில்லை. ஆனால் நஷ்டத்தை நிரூபிக்க வேண்டும். கம்பெனி ஏற்றினால் மொத்த வியாபாரி அண்ணாச்சி மேல் ஏற்றுகிறார். அண்ணாச்சி மேஸ்திரி மேல். மேஸ்திரி வீட்டுக்காரர் மேல். வீட்டுக்காரருக்குக் கீழே ஏற்ற ஆள் இல்லை. அவரிடம் பில்லும் இல்லை.

2012ல் தீர்ப்பு வந்த செய்தியைப் படித்துவிட்டு நாங்கள் அந்தச் சித்தாளிடம் ஓடினோம். "பில் இருக்கா?" என்று கேட்டோம். "துண்டுச் சீட்டுதான் கொடுத்தாங்க தோழரே, அடுப்புல போச்சு" என்றார். ஊர் பூராவும் விசாரித்தோம். ஒரு வீட்டிலும் பில் இல்லை. பில் கட்டு இருந்தது ஒரே ஒருவரிடம். யாருக்கு எதிராகக் கோஷம் போட்டோமோ, அந்தக் கடைக்காரரிடம்!

செய்ய வேண்டியது

எனவே நாம் சில காரியங்களைத் தீர்மானிக்க வேண்டும்.

ஒன்று: மூட்டைக்கு மூட்டை பில் வாங்குவது, வீட்டுக்காரர் பெயரில் வாங்குவது, சங்க ஆபீசில் ஒரு நோட்டுப் போட்டு வார விலையைத் தேதியோடு எழுதி வைப்பது.

இரண்டு: சில்லறைக் கடைக்காரரைப் பகைக்காமல் பக்கத்தில் சேர்ப்பது. அவருடைய பில் கட்டு நமக்குச் சாட்சி.

மூன்று: பேரூராட்சியை அசைப்பது. ஸ்தல ஸ்தாபனமும் நஷ்ட ஈடு கேட்கலாமென்று சட்டமே சொல்கிறது. சிமெண்ட் ரோடும் வாய்க்காலும் நமது வரிப் பணத்தில் போட்டவை.

நான்கு: சட்டத்தைத் திருத்தக் கோருவது. அபராதத்தில் ஒரு பகுதியை நஷ்டப்பட்டோர் நிதியாக ஒதுக்கட்டும். நஷ்ட ஈட்டு மனுவை ஜில்லாத் தலைநகரிலேயே வாங்கட்டும்.

இதற்கெல்லாம் மேலாக ஒன்று. வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். விலை அன்றாடம் ஏறும். நம்முடைய ஜில்லா ஆலங்குளத்தில் 1970 முதல் சர்க்கார் சிமெண்ட் ஆலை இருக்கிறது. 2015 துவக்கத்தில் தமிழ்நாடு சர்க்கார் மூட்டை 190 ரூபாய்க்கு விற்க முன்வந்தபோது, அதற்கும் பெரும்பகுதி சரக்கைத் தனியார் கம்பெனிகளிடமே வாங்க வேண்டியிருந்தது. பொதுத்துறை ஆலை பெருகினால் கூட்டுச் சேர்கிறவர்களின் கை தானே தளரும்.

தோழர்களே! அந்தச் சித்தாள் கடன் வாங்கி வீட்டை முடித்தார். வட்டி கட்டி முடிக்க அவருக்கு நாலு வருஷமாயிற்று. அவருடைய ஐயாயிரம் சின்னத் தொகை. தனியாகக் கேட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதைப்போல் லட்சம் ஐயாயிரங்களைச் சேர்த்துத்தான் கம்பெனிகள் கோடிகளைக் குவித்தன. அவர்கள் சேர்ந்து எடுத்ததை நாமும் சேர்ந்தே கேட்போம். நாளை முதல் மூட்டைக்குப் பில், பில்லுக்கு நோட்டு. அங்கிருந்து ஆரம்பிப்போம்.